ஷேரன் என்று யாரும் இல்லை

நல்ல நேரம் பிறக்கிற காலை ஒன்பது பன்னிரண்டு வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

அதை அவர் மகளிடம் சொல்லவில்லை. மகனிடம் சொன்னார். யுவேஷியா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

"உங்க அக்காகிட்ட சொல்லு. ஒம்பது பன்னெண்டுக்கு அப்புறம்தான்."

"அக்கா, ஒம்பது பன்னெண்டுக்கு அப்புறம்தானாம்," என்றான் போஷெங்.

"காது கேக்குது."

மேசை மேல் கணினி. அதன் பக்கத்தில் சிவப்புத் தாள் சுற்றிய அன்னாசிப்பழம், ஒரு கிண்ணம் அரிசி. சுவரில் சாய்த்து வைத்த இரண்டு புதுத் துடைப்பங்கள். வீடு மாறும்போது செய்கிற எல்லாவற்றையும் அப்பா செய்திருந்தார். மாறப்போவது வீடு இல்லை. கம்பெனியின் மின்னஞ்சல்.

தைபேயில் இருந்த பழைய மின்னஞ்சல் நிறுவனம் இந்த மாதத்தோடு சேவையை நிறுத்துகிறது. புதிய இடத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். அதற்கான கடவுச்சொல் யுவேஷியாவிடம் மட்டுமே இருந்தது. இந்தக் காங்சான் ஊரில் திருகாணி செய்கிறவர்கள் தொலைநகலைக் கட்டிக்கொண்டு அழுத காலத்தில், அப்பாவின் திருகாணிக் கம்பெனிக்கு ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்தவள் அவள்.

அப்பா கூப்பிட்டால் வருகிறேன் என்று தம்பியிடம் போனில் சொல்லியிருந்தாள். அப்பா கூப்பிடவில்லை. போன வாரம் தைனானில் அவள் வீட்டுக்குக் கூரியரில் ஒரு ஜாடி வந்தது. காரமான சோயா விழுது, அவளுக்குப் பிடித்த கடையிலிருந்து. உள்ளே ஒரு வரிகூட இல்லை.

ஜாடியை அலமாரியில் வைத்தாள். இன்று காலை ரயில் ஏறினாள்.

அக்காவும் தம்பியும் நேரில் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா இறந்த பிறகு, அம்மா பெயரில் இருந்த கம்பெனிப் பங்கு தனக்கு வேண்டாம் என்று அவள் முத்திரை குத்திக் கொடுத்தாள். கட்டிக்கொடுத்த பெண்கள் இங்கே அப்படித்தான் செய்கிறார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. காகிதத்தை மேசை மேல் வைப்பதோடு சரி. அன்று சிவப்பு மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தியது போஷெங்.

"சனிக்கிழமை மாத்தலாம்னுதானே சொன்னேன்," என்றாள். "வாங்கறவங்க எல்லாம் லீவுல இருப்பாங்க."

"சனிக்கிழமை குரங்கு வருஷத்துல பொறந்தவங்களுக்கு ஆகாதாம். பஞ்சாங்கத்துல போட்டிருக்கு."

"மாத்தப்போறது நான். நான் குரங்கு வருஷம் இல்லையே."

"அப்பா குரங்கு வருஷம். கம்பெனி அப்பாவோடது."

சொன்ன பிறகுதான் போஷெங் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கொட்டகையில் இயந்திரங்கள் இடித்துக்கொண்டிருந்தன. அலுவலகக் கண்ணாடி அதிர்ந்தது. எண்ணெய் வாசனை. எதுவும் மாறவில்லை. அம்மாவின் நாற்காலி மட்டும் இல்லை.

"கவனமாக் கேளு," என்றாள். "நம்ம மெயில் எங்க போகணும்னு வெளிய ஒரு குறிப்பு இருக்கு. அதைத்தான் நான் இப்ப மாத்தப்போறேன். ஆனா உலகம் பூரா அதோட நகல் இருக்கும். எல்லாரும் உடனே புதுக் குறிப்பைப் பார்க்க மாட்டாங்க. சில பேர் நாளைக்கு வரைக்கும் பழைய இடத்துக்கேதான் அனுப்புவாங்க."

"அதைச் சீக்கிரம் பார்க்க வைக்க முடியாதா?"

"முடியும். முன்கூட்டியே ஏற்பாடு பண்ணணும். சனிக்கிழமைன்னா பண்ணியிருப்பேன். நேத்து சாயங்காலம் நீ போன் பண்ணி நாளைக்குக் காலையிலன்னா?"

"சரி. இப்ப என்ன பண்றது?"

"நாளைக்கு வரைக்கும் பழைய பெட்டியையும் திறந்தே வெச்சிருக்கணும். ரெண்டையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான். மூடினா என்ன ஆகும் தெரியுமா? எழுதினவங்களுக்கே மெயில் திரும்பிப் போயிடும். அப்படி யாரும் இங்க இல்லைன்னு."

போஷெங் தலையாட்டினான். "இன்னைக்குப் போய் அப்படி ஆச்சுன்னா செத்தோம்."

"ஏன்?"

"இங்கர் இன்னைக்கு ஆர்டரை உறுதி பண்றாங்க. அடுத்த வருஷத்துக்கு. அது வரலைன்னா அந்த வரிசை மெஷின் எல்லாம் சும்மா நிக்கும்."

இங்கர். டென்மார்க்கில் மரவீடு கட்டும் கம்பெனிக்குக் கொள்முதல் பார்க்கிற பெண்மணி. யுவேஷியா பிடித்துக் கொடுத்த முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர்.

"இன்னும் அவங்கதானா?"

"அவங்கதான்."

அவள் புதிய இடத்தில் பெட்டிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தாள். கணக்கு. தரக் கட்டுப்பாடு. கிடங்கு. போஷெங். கடைசியில் ஒரு பெயர்.

ஷேரன்.

சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். அது அவள் பெயர். வெளிநாட்டுக்காரர்கள் கூப்பிட வசதியாக இருபத்திரண்டு வயதில் அவளே வைத்துக்கொண்டது.

"இது எதுக்கு இன்னும் இருக்கு?"

"பழகின பேரு, அக்கா."

"நான் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. யார் எழுதறா?"

போஷெங் அன்னாசிப்பழத்தைச் சற்றுத் திருப்பி வைத்தான். "நான்தான்."

"நீ?"

"அப்பாதான் சொன்னாரு. அவங்க ஷேரன்கிட்டதான் வாங்கறாங்க, ஆள் மாறிடுச்சுன்னா விலை பேச ஆரம்பிப்பாங்கன்னு."

"அப்போ நீ ஷேரன்."

"மெயில்ல மட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதான் உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

அவனும் சிரித்தான். இரண்டு வருடத்தில் முதல் சிரிப்பு. ஆனால் உடனே சொன்னான்:

"அந்தப் பெட்டியில இருக்கற பழைய மெயில் எல்லாம் நானே புதுசுக்கு ஏத்திட்டேன். நீ பார்க்க வேண்டாம்."

"நான் ஏன் பார்க்கப்போறேன்?"

விலைகள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பங்கு இல்லாதவளுக்கு விலைகள் எதற்கு.

கணினியின் தலையில் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று இருந்தது. இயந்திரங்கள் அடங்கி நடக்க எல்லோரும் வைப்பது. அவள் அதை எடுத்துப் பின்புறம் திருப்பினாள்.

"போஷெங். இது போன மாசமே காலாவதி."

"ஐயோ."

"அதான் தைபேக்காரன் கடையை மூடறான்."

"அப்பா காதுல விழப்போகுது. நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"பச்சையைப் பார்த்து வாங்கு. மஞ்சளைத் தூக்கிட்டு வந்துடாதே, அதை வெச்சா மெஷின் நின்னுடுமாம்."

அவன் ஸ்கூட்டர் சத்தம் தெருவில் தேய்ந்தது. அறையில் அப்பாவும் அவளும் மட்டும்.

அப்பா தேநீர் வடித்தார். தனக்கு ஒரு கிண்ணம். பிறகு இன்னொரு கிண்ணத்தைச் சுடுநீரில் அலசி, ஊற்றி, மேசையின் அவள் பக்க விளிம்பில் வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. அவர் கைமுட்டுகள் பெருத்திருந்தன. கிண்ணத்தை வைக்கும்போது விரல்கள் சரியாக மடங்கவில்லை.

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்கலாம். ஒரு வாக்கியம்தான். அவள் தேநீரைக் குடித்தாள்.

போஷெங் வந்தான். பச்சைப் பொட்டலம் தலைமேல் ஏறியது. அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கையை உயர்த்தி, இறக்கினார்.

அவள் கடவுச்சொல்லை அடித்தாள். ஒரு வரியை அழித்து வேறொரு வரியை எழுதினாள். சேமித்தாள்.

"முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?" என்று அப்பா மகனிடம் கேட்டார்.

"அவ்வளவுதானாம்பா."

"பட்டாசு வாங்கி வெச்சிருக்கேனே."

"வேண்டாம்னு சொல்லு," என்றாள் யுவேஷியா. "போலீஸ் வரும்."

தன் கைபேசியிலிருந்து ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பினாள். புதிய பெட்டியில் வந்து விழுந்தது. தைனானில் கணவரிடம் ஒன்று அனுப்பச் சொன்னாள். அது பழைய பெட்டிக்குப் போனது. அவள் சொன்னது போலத்தான். இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சீன வாடிக்கையாளர் புதியதில். துறைமுக முகவர் பழையதில். எதுவும் தவறவில்லை.

மதியம் பெட்டிச் சாப்பாடு வந்தது. அப்பா தன் பெட்டியைத் திறந்து, கோழிக்காலை எடுத்து, பேசாமல் மகன் பெட்டியில் வைத்தார். போஷெங் அதை அக்காவின் பெட்டியில் வைத்தான். அப்பா அதைத் தடுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவள் கொட்டகைப் பக்கம் போனாள். "பார்த்துக்கோ. வந்துடறேன்."

இயந்திரங்களுக்கு நடுவே நடந்தாள். ஒரு கைப்பிடி திருகாணியை அள்ளினாள். சூடாக இருந்தன. அம்மா மதியத்தில் இந்தச் சுவரோரம் நின்றுதான் பழம் நறுக்குவாள். பழைய ஆட்களில் இரண்டு பேர் தலையசைத்தார்கள். மற்றவர்களுக்கு அவள் யாரோ.

இங்கேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது புதிதல்ல. ஆனால் தைனானில் நினைக்கும்போது அதற்கு இவ்வளவு சத்தம் இருக்காது.

திரும்பி வந்தபோது திரையில் ஒரு பெட்டிதான் இருந்தது. பழையதைத் திறக்க முயன்றாள். திறக்கவில்லை. மறுபடி முயன்றாள்.

"போஷெங். பழைய பெட்டி எங்க?"

அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சோபாவிலிருந்து அப்பா சொன்னார்: "வீடு மாறினப்புறம் பழைய வீட்டுல விளக்கு எரிய விடக்கூடாது. உங்க அக்காகிட்ட சொல்லு."

"மூடிட்டியா?"

"அப்பா சொன்னாரு, அக்கா."

"அப்பா சொன்னாரு. நீ செஞ்சே."

"கொஞ்ச நேரம்தான் ஆச்சு..."

"எல்லாத்தையும் அழிச்சியா? எல்லா முகவரியையும்?"

அவன் பதில் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்த மௌனம். மைப்பெட்டியை நகர்த்தியபோதும் அவன் இப்படித்தான் இருந்தான். கெட்டவன் இல்லை. யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான்.

அவள் அலுவலகப் போனிலிருந்து தைபே நிறுவனத்தைக் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு ஓடியது. டென்மார்க்கில் இப்போது விடிந்து, ஆட்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காரும் நேரம். பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். அழித்த முகவரிகளைத் திரும்பப் போட முடியும், ஆனால் ஒரு மணிநேரம் ஆகும் என்றாள்.

"சீக்கிரம் பண்ணுங்க. தயவுசெஞ்சு."

அவள் போனை வைத்ததும் அது அடித்தது.

போஷெங் எண்ணைப் பார்த்தான்.

"டென்மார்க்."

மூன்று பேரும் போனைப் பார்த்தார்கள். அது அடித்துக்கொண்டிருந்தது.

"எடு," என்றாள் யுவேஷியா.

"என்னால முடியாது."

"ஏன்?"

"நான் ஆம்பள, அக்கா."

அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. இத்தனை வருடமும் இங்கர் போன் பண்ணும்போதெல்லாம் ஷேரன் வெளியே போயிருக்கிறாள். அல்லது லைன் சரியில்லை. மெயில் போடுங்கள்.

"இது உங்க வேலை," என்றாள். "நீங்களே பார்த்துக்கோங்க." பையை எடுக்கக் கை நீட்டினாள்.

"யுவேஷியா."

அப்பா எழுந்து நின்றிருந்தார். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடும்மா."

போஷெங் போனை மேசையில் அவள் பக்கம் நகர்த்தினான்.

எடுத்தாள். ஆங்கிலம் நாக்கில் துருப்பிடித்திருந்தது.

"ஹலோ."

"ஷேரன்?"

வயதான குரல். அவளுக்கு நினைவிருந்ததைவிட மெலிந்த குரல்.

"ஆமா. நான்தான்."

"அப்பாடா. நீயேதானா? இப்ப ஒரு மெயில் போட்டேன், திரும்பி வந்துடுச்சு. ஷேரன்னு யாரும் இங்க இல்லைன்னு. உனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டேன்."

"ஒண்ணும் ஆகலை. மெயிலை வேற இடத்துக்கு மாத்தறோம். இடையில ஒரு தப்பு நடந்துடுச்சு. மன்னிச்சுக்கோங்க."

"மெயில்தானே. நீ இருக்கே, அது போதும். குரல் அப்படியே இருக்கு பாரு. எத்தனை வருஷம் ஆச்சு! நீதான் போன்னாலே ஓடறியே."

"ஆர்டர்..."

"ஆர்டர் எங்க போகப்போகுது? உறுதிதான். உன் சகோதரர்கிட்ட சொல்லு, மறுபடி அனுப்பறேன்."

அவள் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"ஆனா இதுதான் என் கடைசி ஆர்டர்," என்றார் இங்கர். "ஓய்வு வாங்கறேன். நவம்பர்ல அங்க வர்றேன், டிக்கெட் எடுத்துட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன். ஆட்டுக்கறி சூப் வாங்கித் தர்றேன்னு வருஷா வருஷம் எழுதறியே, இந்தத் தடவை விடமாட்டேன்."

"வாங்க," என்றாள். வேறென்ன சொல்வது?

"பொண்ணு எப்படி இருக்கா?"

இயந்திரங்கள் இடித்துக்கொண்டிருந்தன.

"ஷேரன்? கேக்குதா? பல்லுக்குக் கம்பி போட்டாச்சா? வலிக்குதுன்னு அவ அழுததா எழுதியிருந்தியே."

யுவேஷியா தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்திருந்தான். ஆங்கிலம் அவனுக்குப் புரியும். போனின் சத்தம் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது.

"இப்ப பரவாயில்லை," என்றாள்.

"ஸ்கூலுக்குப் போயிருக்காளா?"

"ஸ்கூல்லதான் இருக்கா."

"அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கேன். உங்க ஊர்ல போட முடியாதுன்னு தெரியும், ஆனாலும் பின்றேன். அளவு மட்டும் அனுப்பு. பன்னெண்டு வயசுப் பொண்ணு இப்ப எவ்வளவு உயரம்னு எனக்கு என்ன தெரியும்?"

"அனுப்பறேன்."

"மறக்காதே."

"மறக்க மாட்டேன்."

போனை மெதுவாக வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்து வைத்தாள்.

"ஆர்டர் வந்துடுச்சா?" என்று அப்பா கேட்டார். அவளிடமே கேட்டார்.

"வந்துடுச்சுப்பா."

"அப்புறம் ஏன் உன் முகம் அப்படி இருக்கு?"

போஷெங்தான் பேசினான். மேசையைப் பார்த்துப் பேசினான்.

"நீ கடைசியா அவங்களுக்கு எழுதினது ஆறாவது மாசத்துல. குழந்தை பொறக்கப்போகுது, தைனானுக்குப் போறேன், கொஞ்ச நாள் எழுத மாட்டேன்னு. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அந்த ஏழாவது மாதமும் ஞாபகம் இருந்தது. தைனான் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர், அழாமலே பிறந்த குழந்தை. அம்மா மட்டும் வந்து மூன்று நாள் இருந்தாள். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் நல்லது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள்.

"அதுக்கப்புறம்தான் அப்பா என்னை உன் பேர்ல எழுதச் சொன்னாரு. அவங்களோட முதல் மெயிலே, குழந்தை பொறந்துடுச்சா, பையனா பொண்ணான்னு. நான் எழுதி எழுதி அழிச்சேன். நடந்ததை எழுத வரலை. ஒரு வாரம் விட்டுட்டேன். அவங்க மறுபடி கேட்டாங்க."

"அதனால?"

"ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அக்கா. பொண்ணு, ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு."

அப்பா ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். "எந்தப் பொண்ணு? என்ன சொல்றான் இவன்?"

பிறகு அவர் கேட்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி, சோபாவைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"அப்புறம் நிறுத்த முடியலை," என்றான் போஷெங். "ஒவ்வொரு வருஷமும் கேட்பாங்க. நடக்கறாளா, ஸ்கூல் சேர்த்தாச்சான்னு. இங்க வேலை செய்யறவங்க பசங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு வருஷம் நீச்சல் கத்துக்கிட்டா. ஒரு வருஷம் கையை உடைச்சுக்கிட்டா." நிறுத்தினான். "உன்கிட்ட சொல்லணும்னு நினைப்பேன். எப்படிச் சொல்றது?"

கணினியில் மெல்லிய ஒலி. ஷேரனின் புதிய பெட்டியில் ஒரு மின்னஞ்சல். இங்கர் மறுபடி அனுப்பியிருந்தார். சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஆர்டர், தேதிகள், அளவுகள். அதற்குக் கீழே பழைய கடிதங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. போஷெங் ஒன்றுவிடாமல் ஏற்றியிருந்தான். பன்னிரண்டு வருடம்.

யுவேஷியா சுட்டியில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

அவளுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. பையை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. தைனான் ஆஸ்பத்திரியில் அன்று யாரும் அவளிடம் கேட்காத ஒன்று. அவளும் யாரிடமும் சொல்லாத ஒன்று.

"அவளுக்குப் பேரு என்ன வெச்சே, போஷெங்?"